பத்தே கால் மணி வரி

ஆஸ்பத்திரி சர்வர் காலையில் இருபது நிமிடம் செத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுகூட டாக்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் சர்வர் அறைக்குள் இருந்தது ஒரே ஆள்: டியூப்லைட் மாற்றப் போன எலெக்ட்ரீஷியன், என் அக்கா புருஷன். அப்புறம் என்ன, ஒயரைத் தட்டிவிட்டார் என்று பழி அவர் தலையில் விழுந்தது. எங்கள் மேனேஜருக்கு மாட்டிவிட ஓர் ஆள் கிடைத்தால் போதும், காரணம் தேட மாட்டார். மதியம் இரண்டு மணிக்குள் சர்வரின் பதிவை அனுப்பு என்று எனக்கு மெயில் போட்டார். அதற்குள்ளேயே அத்தானிடம் தப்பை ஒப்புக்கொண்டு எழுதித் தரச் சொல்லியாகிவிட்டது. எழுதித் தந்தால் வேலை போய்விடும்.

நான் வீட்டிலிருந்தே அந்த சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, பதிவைத் திறந்தேன். யார் உள்ளே வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று மெஷின் வரி வரியாக எழுதி வைத்திருக்கும். ஒயர் பிடுங்கப்பட்டிருந்தால் ‘எதிர்பாராமல் நின்றது’ என்று இருக்க வேண்டும். சர்வர் நின்ற பத்தே காலுக்கு அப்படி இல்லை. கட்டளை கொடுத்து முறையாக நிறுத்தியிருந்தார்கள். கட்டளை வந்தது என் லாகினிலிருந்து.

காலையில் லேப்டாப்பில் இரண்டு கறுப்புத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன். ஒன்று நான் மாற்றங்களைச் சோதித்துப் பார்க்கும் சோதனை மெஷின், மற்றது ஆஸ்பத்திரி சர்வர். இரண்டும் அச்சு அசல் ஒன்றே. சோதனை மெஷினை நிறுத்துவதாக நினைத்து மற்றதில் தட்டியிருக்கிறேன். பதினோரு வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி.

அந்தப் பதிவு ஓர் அளவுக்கு மேல் கொள்ளாது. புது வரி வந்தால் பழைய வரி தானாக அழியும். கோளாறான பிரின்டர் ஒன்று வினாடிக்கு ஒரு புகார் எழுதிக்கொண்டிருந்தது. மதியம் ஒன்றரை மணிக்குள் என் வரி இருக்காது. நான் எதையும் அழிக்க வேண்டாம், ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் போதும். பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம்.

காபி போட்டேன், இறங்கவில்லை. அக்கா போன் அடித்தாள், எடுக்கவில்லை. எடுத்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். 10:09 வரிகள் போயின, 10:11 போயிற்று. என் வேலையும் நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 10:13 போனதும் அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பதிவைச் சேமித்து, நிறுத்தியது நான்தான் என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். உடனே அத்தானைக் கூப்பிட்டேன்.

“அத்தான், எதுவும் எழுதிக் குடுக்காதீங்க.”

“குடுத்துட்டேன்மா,” என்றார், நிதானமாக. “எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்களா, நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். இப்ப நல்லா ஞாபகம் வருது. முழங்கை ஒயர்ல பட்டுச்சு. டக்குனு சத்தம்கூடக் கேட்டுச்சு.”

“படல அத்தான். அது நான்.”



“எனக்காகப் பொய் சொல்லாதம்மா,” என்றார். “நான்தான் பண்ணேன்.”