ஏழாம் வாய்ப்பாடு ஜன்னல் வழியாகப் போனது

மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வாய்ப்பாடு ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜன்னல் வழியாக இறங்கிப் போனது. பத்தேகால் என்பவர்களும் உண்டு. மணி அடிப்பவர் பத்தரை என்றதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஓரேழு ஏழு முன்னால் நடக்க, பத்தேழு எழுபது கடைசியாக இறங்கி ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனது. சுவர் அட்டையில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே வெள்ளைதான் மிச்சம். காரணத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. தப்பாகச் சொன்னவர்களை நூறு முறை எழுதவைப்பது டீச்சரின் வழக்கம். எல்லோரும் தப்புச் செய்வது ஏழில்தான் என்பதால் அந்த வருடம் மட்டும் பிள்ளைகள் அதைச் சுமார் பதினோராயிரம் முறை, பெரும்பாலும் அழுதுகொண்டே, எழுதியிருந்தார்கள்.

அதன்பின் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. டீச்சர் புது அட்டை வாங்கி மாட்டினார். மறுநாள் அதிலும் வெள்ளை. ஜன்னலுக்குத் தாழ் போட்டார். போன பிறகு தாழ் எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை.

அதிகம் தவித்தவள் முக்கால். எதையும் முக்கால்வாசியில் நிறுத்திவிடுவதால் அந்தப் பெயர். ஏற்கெனவே ஒரு வருடம் மூன்றாம் வகுப்பிலேயே தங்கியவள். ஆண்டுத் தேர்வில் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்காவிட்டால் இன்னொரு வருடம். இரண்டாம் வகுப்பிலிருந்த தம்பி இடமே பிடித்துவிட்டான்.

“அக்கா, அடுத்த வருஷம் ஜன்னலோரம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்.”

“நீ என் பெஞ்சுல வந்து உக்காந்தா நான் பேரையே மாத்திக்கிறேன்டா.”

“மாத்திக்கோ. அரைன்னு வச்சுக்கோ.”

அன்றே தேடக் கிளம்பினாள். தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. தையல் கடைக்குப் பின்னால், பஸ் டிப்போ கூரைமேல், தண்ணீர்த் தொட்டியடியில் பார்த்தாள். கெஞ்சியும் கூப்பிட்டாள், திட்டியும் கூப்பிட்டாள். ஆறாம் நாள் அலுத்துப்போய்ப் பள்ளி முற்றத்தில் கயிறு தாண்டினாள். ஒவ்வொரு ஏழாவது தாண்டலிலும், சும்மா, எண்ணை உரக்கக் கத்தினாள். முதல் கத்தலில் ஓரேழு ஏழு மதில்மேல் வந்து உட்கார்ந்தது. பதினாலில் ஈரேழு, இருபத்தொன்றில் மூவேழு. நாற்பத்தொன்பதில் அவளுக்கு மூச்சு வாங்கியது, நின்றாள். மதில்மேல் இருந்த ஏழும் எழுந்து போய்விட்டன.

மறுநாளும் நாற்பத்தொன்பது. அதற்கு மறுநாள் ஐம்பத்தாறு. முழங்காலில் இரண்டு சிராய்ப்பு. அதட்டுவதற்காக எட்டிப் பார்த்த டீச்சர், ஐயேழு முப்பத்தைந்து மதில்மேல் காலாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு இறங்கி வந்தார். நீளக் கயிறு ஒன்றைக் குழாயில் கட்டி, மறுமுனையைத் தானே சுற்றினார். வகுப்பு முழுக்க வரிசையில் நின்றது.

“தப்புப் பண்ணா நூறு தடவையா டீச்சர்?” என்று முக்கால் கேட்டாள்.

டீச்சர் கயிற்றைப் பார்த்தபடியே, “முதல்லேர்ந்து மறுபடி. அவ்வளவுதான்” என்றார்.

தேர்வு தலைமையாசிரியை அறையில் நடந்தது. முக்கால் கயிற்றோடு வந்தாள். டீச்சர் நாற்காலிகளை ஒதுக்கி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். “இது என்ன கூத்து?” என்று தலைமையாசிரியை கேட்டு முடிப்பதற்குள் ஓரேழு ஏழு அலமாரிமேல் ஏறிவிட்டது. அறுபத்து மூன்றில் அவளது செருப்பு வார் அறுந்தது. காலை உதறிவிட்டுத் தாண்டினாள். எழுபது என்று அவள் கத்தியபோது, பத்தேழு எழுபது உட்கார இடம் வேண்டுமே என்று தலைமையாசிரியை தன் டீ டம்ளரை நகர்த்தி வைத்தார்.

முக்கால் நான்காம் வகுப்புக்குப் போனாள். பெயர் மட்டும் மாறவில்லை. ஏழாம் வாய்ப்பாடு அட்டைக்குத் திரும்பவேயில்லை. மதிலிலேயே தங்கிவிட்டது, மழை வந்தால் சைக்கிள் கொட்டகைக்குள் ஒதுங்கும். ஜன்னலோரம் தம்பிக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை, எட்டாம் வாய்ப்பாடு ஜன்னல் விளிம்பில் கால் வைத்ததை முதலில் பார்த்தவன் அவன்தான்.

“டீச்சர், எட்டு கிளம்புது.”

டீச்சர் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.