வாறன்

அன்று பின்னேரம் உடுப்பிட்டியில் அந்த வீட்டின் முன் ஹோலில் இருந்தவர்கள்: டிலக்ஷனின் தகப்பன் கதிரவேலு, தாய் உதயகலா, தங்கை கஜந்தினி, தாய்மாமன் பஞ்சலிங்கம், பக்கத்து வீட்டு சுவர்ணா அக்கா, நான். டிலக்ஷன் சுவரில் இருந்தான். படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கு வைத்திருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. வல்லை வெளியில் லொறி அடித்து அவன் செத்தபோது போனும் நொறுங்கிப் போயிற்று. அவன் குரலில் மெசேஜ் போடுகிற ஆள் இல்லை. எல்லாம் எழுத்துத்தான். அதனால் வீட்டில் அவனுடைய படங்கள் இருந்தன, குரல் இல்லை.

கஜந்தினி எனக்குப் போன் எடுத்தபோது நான் நித்திரையில் கிடந்தேன். மயிலிட்டியில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. பகலில்தான் படுக்கை.

"சுபா அண்ணை, அண்ணான்ரை குரல் உங்கடை கேம்போயிலை இருக்காம். முந்தி அவரே சொன்னவர். உண்மையோ?"

"ஓம்."

"அம்மா இரவிலை முன்கதவைப் பூட்ட விடுறா இல்லை. அண்ணா வருவாராம். அப்பா வாசலுக்குக் குறுக்கை கதிரையைப் போட்டுப் பொல்லோடை இருக்கிறார். ஒருநாள் கண்ணயர்ந்திட்டார், நாய் பூந்து படத்துக்கு முன்னாலை படைச்சதைத் திண்டிட்டுப் போட்டுது. ஒருக்கா அண்ணான்ரை குரலைக் கேட்டால் மனம் ஆறிப் பூட்ட விடுவா எண்டு நினைக்கிறன். கொண்டு வாங்கோ அண்ணை."

கொண்டுபோனேன்.

அந்தக் கேம்போய், கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி, கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவின் சூட்கேசுக்குள் கிடந்தது. அவருடைய மகன் சின்ன வயதில் விளையாடியது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் டிலக்ஷனும் நானும் ஒரே அறையில் இருந்த காலத்தில் அதைக் கழற்றினேன். அவன் கம்பசுக்குப் போவான். நான் போகாமல் கிடந்து, பிறகு படிப்பை விட்டேவிட்டேன். திரைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்தேன். விளையாட்டுக் கசெட்டை எடுத்துவிட்டு, பாட்டுக் கட்டுகிற புரோகிராம் ஏற்றிய கசெட்டைச் செருகினேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சில்லுக்கு முன்னாலேயே வயரை ஈயம் வைத்து ஒட்டி, பெட்டியின் பக்கத்தில் தனியாக ஓட்டை போட்டு வெளியே எடுத்தேன். அப்படி எடுத்தால்தான் பெரிய ஸ்பீக்கரில் இரைச்சல் இல்லாமல் கேட்கும். சில்லு அதற்குப் பிறகு பெட்டியின் சொந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

நாலு சத்தம்தான் அந்தப் பெட்டிக்குத் தெரியும். இரண்டு கீச்சு, ஒரு உறுமல், ஒரு இரைச்சல். உறுமுகிற இடத்தில் மனிதக் குரலையும் ஏற்றலாம், ஆனால் ஒரு சொல்லுக்கு மேல் கொள்ளாது. ஒரு காலை டிலக்ஷன் கம்பசுக்கு வெளிக்கிட்டு அறை வாசலில் நின்று எனக்குச் சொன்னதைப் பிடித்து வெட்டி ஏற்றினேன். வாறன். வெட்டியதும் அது சொல்லாக இருக்கவில்லை. 'வா'வில் ஒரு இடி இருந்தது, 'றன்'னில் ஒரு அதிர்வு. நான் அதற்கு வைத்த பெயர் 'இடி மூன்று'. மாதக்கணக்காக அதைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியும் பாட்டுக் கட்டினேன். அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை. டிலக்ஷன்கூட நடுவில், "காணுமடா, நிப்பாட்டு, மண்டைக்குள்ளை கோழி கொத்துது," என்று எழும்பிப் போய்விடுவான்.

முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. கதவோரத்தில் கதிரவேலுவின் கதிரை, அதில் சாத்திய பொல்லு. நான் பையில் இருந்து கேம்போயையும், கூடவே பெரிய ஸ்பீக்கரையும் எடுத்தேன். பெரிய ஸ்பீக்கரை ஒருவரும் கேட்கவில்லை.

"உதென்ன தம்பி, சின்னப் பிள்ளையள் வைச்சு விளையாடுறதெல்லோ?" என்றார் பஞ்சலிங்கம்.

"ஓம். இதிலை பாட்டுச் செய்யலாம்."

"யாழ்ப்பாணத்திலை ஆர்மோனியம் முடிஞ்சுதெண்டு உதைப் பிடிச்சீரோ?"

சுவர்ணா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினார்.

"கம்பசை விட்டிட்டு ஐஸ் உடைக்கிறீராமே?"

"உடைக்கிறது மெசின். நான் அள்ளிப் போடுறன்."

"அப்ப மெசினுக்குத்தான் படிப்புக் கூட."

"மாமா, சும்மா இருங்கோ," என்றாள் கஜந்தினி.

உதயகலா என் பக்கத்தில் வந்து கீழே இருந்தார். பெட்டியைத் தொடாமல் பார்த்தார். "அதுக்குள்ளை என்ன தம்பி சொல்லுறான்?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது; அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் கதிரவேலு அந்த இடத்திலேயே என்னை எழுப்பி அனுப்பியிருப்பார். நான் சொன்னது வேறு.

"கேளுங்கோவன் அன்ரி."

மேடையில் நிற்கிறவன் சொல்வது போலச் சொன்னேன். குரலை மட்டும் தனியாக ஒருமுறை கேட்கப்பண்ண வழி இருந்தது. நான் முழுப் பாட்டையும் போட்டேன்.

முதலில் இரண்டு கீச்சும் ஒன்றையொன்று துரத்தின. பிறகு இரைச்சல் தாளம் போட்டது. பஞ்சலிங்கத்தின் கால் பெருவிரல் ஆடத் தொடங்கியதைக் கண்டேன். செத்த வீட்டில் இருந்துகொண்டு எனக்குச் சந்தோசம் வந்தது. இனி இடி விழப்போகிறது, அப்போது இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

வாறன்.

ஒரு சுற்று இடைவெளி.

வாறன். வாறன். வா, வா, வா, வாறன்.

உதயகலா எழும்பினார். வாசலுக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு கேற்றைப் பார்த்தார்.

"வா அப்பன்," என்றார். சாதாரணமாக, சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற மாதிரி.

அந்த நேரம்தான் அது எனக்கு மறுபடியும் சொல்லாகக் கேட்டது.

"தம்பி, நிப்பாட்டும்," என்றார் கதிரவேலு.

ஒரு பொத்தானை அமத்தினால் நின்றிருக்கும். நான் அமத்தவில்லை. பாட்டைப் பாதியில் வெட்டக் கூடாது, மெல்லக் குறைத்து முடிக்க வேண்டும் என்று பழகிய கை சில்லுக்குப் போயிற்று. சில்லைக் கீழே உருட்டினேன். சத்தம் குறையவில்லை. மேலே உருட்டினேன். எப்படிக் குறையும்? அதைத் தாண்டி வயர் எடுத்தவன் நான்தானே.

"நிப்பாட்டுமெண்டு சொன்னனான்!"

ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தேன். பெரிய சத்தம் நின்றது. ஆனால் சில்லு இப்போது உச்சத்தில் இருந்தது. என் கையில் இருந்த பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் தன்பாட்டில் கத்தியது. பாட்டும் கடைசிக்கு வந்திருந்தது. அந்த இடத்தில் இடி மூன்றை உயர்த்திக்கொண்டே போகும்படி கட்டியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த இடம். மெலிந்து, கீச்சிட்டு, உள்ளறையில் ஒரு சின்னப் பெடியன் கூப்பிடுகிறது போல: வாறன், வாறன், வாறன்.

உதயகலா வாசலில் இருந்து திரும்பி உள்ளறையைப் பார்த்தார்.

பொத்தானை அமத்தினேன்.

உதயகலா வந்து பழைய இடத்தில் இருந்தார். "இவ்வளவுதானோ?"

"ஓம் அன்ரி. ஒரு சொல்லுக்கு மேலை அதிலை இடம் இல்லை."

"உதைத்தான் எனக்கும் சொல்லிட்டுப் போனவன். உதிலை நிண்டு." வாசற்படியைக் காட்டினார். "வாறன் எண்டு சொன்னவன் வராமல் விடுவானோ எண்டு நான் கேட்டால், இவையள் எனக்கு விசர் எண்டினம்."

கஜந்தினி என்னைப் பார்த்தாள். "எந்தச் சொல்லெண்டு ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"நான் யோசிக்கேல்லை."

அது பொய் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

சுவர்ணா அக்கா எழும்பி, சேலையை உதறி, ஒருவரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனார். செத்த வீட்டில் அப்படித்தான் போக வேண்டும். மற்ற வீடுகளில் போகிறபோது சொல்கிற அந்தச் சொல்லை அங்கே சொல்லக் கூடாது. அது சாவு நடந்த வீட்டுக்குத் திரும்ப வருகிறேன் என்று ஆகிவிடும். நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே அறிந்தது.

உதயகலா என் கையில் இருந்து கேம்போயை எடுத்து மடியில் வைத்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "இன்னொருக்காப் போடு."

"போடாதையும்," என்றார் கதிரவேலு.

"அப்ப உது இஞ்சை கிடக்கட்டும். நான் போடமாட்டன். சும்மா கிடக்கட்டும்."

என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. பழுதான திரைகளும் உடைந்த மூடிகளும் அறையில் நிறையக் கிடந்தன. வேலை செய்கிற பெட்டி ஒன்றுதான்.

"அன்ரி, சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி இருக்கு," என்றேன்.

சொன்னது என் வாய்தான்.

"நிகழ்ச்சியோ?" என்றார் பஞ்சலிங்கம். பகிடி போய்விட்டது அவருடைய குரலில் இருந்து. "அங்கை போயும் என்ரை மருமோனை வாறன் வாறன் எண்டு கத்த வைக்கப் போறீரோ? சனம் கைதட்டுமோ அதுக்கு?"

"வேறை பாட்டு."

வேறு பாட்டு என்னிடம் இல்லை. அது அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

"குடு, உதயா," என்றார் கதிரவேலு. "அவரின்ரை சாமான்."

உதயகலா பெட்டியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். விரல் அடையாளம் போகும்வரை திரையைத் துடைத்தார். பிறகு நீட்டினார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி."

அதைக் கேட்கத்தான் நான் ஸ்பீக்கரையும் காவிக்கொண்டு வந்திருந்தேன். வாங்கிப் பைக்குள் வைத்தேன். வயரைச் சுற்றினேன். சிக்கியது. சிக்கலோடேயே திணித்தேன். கஜந்தினி எழும்பி வரவில்லை. படத்தைக் கும்பிட வேண்டும் என்று நினைத்து, கும்பிடாமல் வெளியே வந்தேன்.

வாசற்படியில் நின்று செருப்பைப் போட்டேன். ஒரு செருப்பின் வார் புரண்டிருந்தது. குனிந்து சரிப்படுத்திக்கொண்டு, இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்ற ஒரே நினைப்பில், எந்த வீட்டிலும் சொல்கிறது போல,

"அப்ப வாறன் அன்ரி," என்றேன்.

"சீ," என்றார் பஞ்சலிங்கம் உள்ளே இருந்து.

நிமிர்ந்தேன். கதிரவேலு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதயகலா எழும்பி வாசலுக்கு வந்தார். அவன் நின்ற இடத்தில் நான் நின்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போட்டு வா" என்று என்னையும் வழியனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அவர் பொல்லை எடுத்து மூலையில் வைத்தார். கதிரையை உள்ளே இழுத்தார். வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினார். மேல் கொண்டி விழுந்தது. பிறகு பூட்டுக்குள் திறப்பு ஒரு சுற்று, இன்னொரு சுற்று.