ஆறு மாசம் தொடாத பொருள்

ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிற மனுஷனின் பெண்டாட்டிக்கு முன்பல் இரண்டு இல்லை. இதைச் சொல்லி அக்கம்பக்கத்தார் நாலு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. சிரிப்பு வந்தால் சட்டென்று உள்ளங்கை வாய்க்குப் போய்விடும். தபால் ஆபீஸ் கவுண்டரில் ஒரு கை ஸ்டாம்பைக் கிழிக்க, ஒரு கை வாயைப் பொத்த என்று அவள் உத்தியோகம் நடந்தது.

அவள் புருஷனைப் பல்செட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்த அளவில் பிளாஸ்டர் அச்சு வார்த்து, மெழுகு வைத்துப் பல் அடுக்கி, செட்டை முடித்துக் கொடுப்பார். கை சுத்தமான கை. அதில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. நேரம்தான் அவருக்கு எப்போதும் பற்றாது.

அந்த மாதம் ஐந்தாம் தேதி காலையில் அவள் சொன்னாள். "முப்பதாந்தேதி எனக்கு ரிடையர்மென்ட். ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கிறாங்க. என்னை நடுவுல உட்கார வைப்பாங்களாம். அதுக்குள்ள அந்த ரெண்டு பல்லையும் முடிச்சுக் கொடுத்துடுங்க. டாக்டர் அளவெடுத்துக் கொடுத்து நாலு வருஷமாச்சு."

"அச்சுகூட அப்பவே வார்த்து வச்சிட்டேனே. உட்கார்ந்தா மூணு நாள் வேலை."

"உட்காருங்களேன்."

"எங்க உட்கார்றது? மேஜையைப் பாரு."

மேஜையைப் பார்த்தால் அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. மெழுகுத் துண்டுகள், சுரண்டும் கத்திகள், நேற்றைய தேநீர்க் குவளை, முந்தாநாள் தேநீர்க் குவளை, இவற்றுக்கு நடுவே பத்துப் பதினைந்து பேருடைய வாய். சுவரோரத்து அலமாரிகளிலும் வாய்கள்தான். இருபது வருஷத்து அச்சுகள், மேலண்ணம் கீழ்த்தாடை என்று, கூரை வரைக்கும் பல்லை இளித்துக்கொண்டு நின்றன.

அன்று மத்தியானம் கைப்பேசியில் அவருக்கு ஒரு ஞானி கிடைத்தான். வெள்ளை அறை, அதில் ஒரே நாற்காலி, அதில் அவன். வீட்டைக் காலி செய்தால் மூளை காலியாகும், மூளை காலியானால் வேலை பறக்கும் என்றான். ஆறு மாசம் கை படாத பொருள் உனக்குப் பொருளே இல்லை, தூக்கி வெளியே போடு என்றான். அவனுக்கு மூளை காலியாகிவிட்டது தெளிவாகவே தெரிந்தது. என்ன வேலை பறந்தது என்பதைத்தான் கடைசிவரை சொல்லவில்லை.

பல்செட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நேரம் போதாததற்கு இதுதான் காரணம், இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று உருகிப்போனார். முதலில் எல்லாவற்றையும் எளிமையாக்குவது, அப்புறம் முதல் வேலையாக அவளுடைய பல். மனசார அப்படித்தான் நினைத்தார், பாவம்.

எளிமையாக்குவதற்கு முதலில் சாமான் வாங்க வேண்டியிருந்தது. ஒரே அளவில் பன்னிரண்டு வெள்ளை டப்பா வாங்கினார். எதை வைப்பது எதைத் தூக்குவது என்று எழுத ஒரு நோட்டு, அந்த நோட்டைச் சுருக்கி எழுத இன்னொரு நோட்டு. சட்டைகளில் மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தானம் கொடுத்தார். மூன்றும் ஒரே சாம்பல் நிறம், எதைப் போடுவது என்று யோசிக்கிற நேரம் மிச்சமாம். சுரண்டும் கத்தி பதினொன்றில் இரண்டுதான் தங்கின. பல்லில் பதினாறு நிறம் உண்டு, மனுஷன் வயசுக்கும் பழக்கத்துக்கும் தகுந்தபடி. அதையும் ஒரே நிறமாக்கினார். வெற்றிலையும் சுருட்டுமாக எழுபது வருஷம் ஓட்டிய ஒரு வக்கீலுக்கு அந்த வாரம் பால் வெள்ளையில் செட் போயிற்று. வக்கீல் வாயைத் திறந்தால் பேரப்பிள்ளைகள் அலறுகிறார்கள் என்று டாக்டரே இவர் வாசலில் வந்து நின்று திட்டிவிட்டுப் போனார்.

"பல்லு எந்த மட்டுல இருக்கு?" என்று பன்னிரண்டாம் தேதி அவள் கேட்டாள்.

"அதுக்குத்தான் இவ்வளவும். மேஜை காலியாகட்டும், அப்புறம் பாரு என் வேகத்தை."

பதினைந்தாம் தேதி அலமாரியில் கை வைத்தார். அடியில் பென்சிலால் பெயர் எழுதிய அச்சு என்றால் யாருக்கோ வேலை பாக்கி, அதை வைத்துக்கொள்வது. பெயர் இல்லாதது, ஆறு மாசம் தொடாதது எல்லாம் சாக்குக்குள். ஒன்றையும் திருப்பிப் பார்த்து இரக்கப்படக் கூடாது என்று ஞானி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஒன்பது சாக்கு நிறைந்தது. மறுநாள் காலை குப்பை லாரி வந்து அவ்வளவு வாயையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அழகுக்காக ஒரே ஒரு பொருள் மேஜையில் இருக்கலாம் என்று விதி இருந்ததால், முப்பத்திரண்டும் குறையில்லாத யாரோ ஒருத்தருடைய அச்சைத் துடைத்து நடுவில் வைத்துக்கொண்டார்.

அப்புறமும் உட்கார்ந்துவிட்டாரா என்றால், அதுதான் இல்லை. காலி மேஜையைப் பார்த்து ரசிக்க இரண்டு நாள், அதைப் போட்டோ எடுத்து ஞானிக்கு அனுப்ப ஒரு நாள். வக்கீலுக்குப் பழுப்பு நிறத்தில் வேறு செட் கட்ட ஒரு வாரம்.

இருபத்தேழாம் தேதி காலையில்தான் ஒருவழியாக மேஜை முன்னால் உட்கார்ந்தார். மூன்று நாள் முழுசாகக் கையில் இருந்தது. மெழுகைச் சூடாக்கினார். பெண்டாட்டியின் அச்சை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை வெறும் அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றது.

சொந்தப் பெண்டாட்டி வாய்க்குப் பெயர் எழுதி வைப்பானேன் என்று, அச்சு வார்த்த அன்றைக்கு அவர் எழுதவில்லை.

வெள்ளை டப்பா பன்னிரண்டையும் திறந்து பார்த்தார். மூடி, மறுபடியும் திறந்து பார்த்தார். அப்புறம் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், ஒன்றாம் தேதிதான் வருவார், அதற்கு முன் அளவெடுக்க ஆள் இல்லை என்றாள் நர்ஸ். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பெண்டாட்டியிடம் போய் நின்றார்.

"உன் அச்சு குப்பையில போயிடுச்சு."

அவள் நிமிர்ந்தாள். "எப்படிப் போச்சு?"

"ஆறு மாசமாத் தொடாததையெல்லாம் போட்டேன். அதுல..."

"ஆறு மாசமாவா தொடல?" என்றாள் அவள், சாதாரணமாக. "நாலு வருஷமாத் தொடல."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். பல்செட்டுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு பேர் முன்னால் அவள் ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அந்த வக்கீலுக்கு ஒரு மாசத்தில் இரண்டு செட் கட்டிய கை, இவளுக்கு நாலு வருஷத்தில் ஒரு பெயர் எழுதவில்லை. மேஜை நிரம்பியிருந்தபோதும் எழுதவில்லை, காலியானபோதும் எழுதவில்லை.

முப்பதாம் தேதி அவள் ஆபீசுக்குப் போனாள். நடு நாற்காலியில் மாலையைப் போட்டு உட்கார வைத்தார்கள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். முப்பத்து மூன்று வருஷ வேலை, கடைசி நாள், அவளுக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்துவிட்டாள்.

படத்துக்குச் சட்டம் போட்டே கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் வந்ததும் அவள் நேரே முன்னறைக்குப் போனாள். மேஜை நடுவிலிருந்த முப்பத்திரண்டு பல்லையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அந்த இடத்தில் படத்தை வைத்து, அவர் நாற்காலிப் பக்கம் பார்க்கத் திருப்பினாள். படத்தில் முன்பல் இரண்டும் இல்லாத இடம் பளிச்சென்று தெரிந்தது.

"மேஜையில ஒரு பொருள் இருக்கலாம்னீங்களே, இது இருக்கட்டும்" என்றாள். வாசல்படி வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தொட்டு வச்சிடுங்க. இல்லேன்னா இதையும் தூக்கிப் போட்டுடுவீங்க."