கோடவுனில் பாசான ஜாக்கெட்

மலர்க்கொடி மன்னார்புரத்தில் ஓர் ஐஸ்கிரீம் கோடவுனில் பதினோரு வருஷமாகப் பெட்டி அடுக்குகிறாள். ஆகவே குளிரைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. மகள் வைஷ்ணவி படிப்புக்காகக் கனடா கிளம்பியபோது, தென்னூரில் ஷேக் தாவூது கடைக்குப் போய் ஜாக்கெட்டை எடுத்தது அவள்தான். கறுப்பு நிறம், மழமழவென்று இருந்தது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததும் அதுதான்.

"இது காத்தையும் மழையையும்தான் தடுக்கும்க்கா. குளிருக்கு உள்ள கம்பளியா ஒண்ணு போடணும். அதையும் சேத்து எடுத்துக்கங்க," என்றார் ஷேக் தாவூது.

இன்னொன்றையும் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று மலர்க்கொடி முடிவுகட்டினாள். "நான் பாக்காத குளிரா பாய்?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, சோதித்துப் பார்க்காமல் அவள் அனுப்பவில்லை. மறுநாளே ஜாக்கெட்டைக் கோடவுனுக்கு எடுத்துப்போய், மைனஸ் பதினெட்டு காட்டும் அறைக்குள் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். ஒரு நடுக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து, "உன் கனடாவையே கொண்டா, இது தாங்கும்," என்றாள் மகளிடம்.

வைஷ்ணவி போய்ச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. ஜனவரி மாதம். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்ற மலர்க்கொடிக்கு வீடியோ கால் வந்தது. அங்கே காலை நேரம். வைஷ்ணவியும் பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தாள். முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது. சுற்றிலும் பனி. ஒதுங்க ஒரு கடை இல்லை, கூரை இல்லை.

"பஸ் இருபது நிமிஷம் லேட்டும்மா."

"ஜாக்கெட் எப்படிடி இருக்கு?"

"ஒரு சொட்டு உள்ள வரல. காத்துகூட வரல." வைஷ்ணவிக்குப் பல் தந்தியடித்தது. "ஆனா குளிருதும்மா. தாங்க முடியல. உள்ள ஸ்வெட்டர் போட்டாத்தான் ஆகுமாம், ரூம்ல இருக்கற பொண்ணுங்க சொல்றாங்க. ஞாயித்துக்கிழமைதான் கடைக்குப் போக முடியும்."

மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. குளிர் அறைக்குள் நுழையும் முன் கோடவுன் ஸ்வெட்டரை மாட்டுவது அவளுக்குப் பதினோரு வருஷப் பழக்கம். கை தானாக மாட்டிவிடும். அன்றைக்கும் அதை மாட்டிக்கொண்டு, அதன் மேல்தான் ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். குளிரைத் தாங்கியது ஸ்வெட்டர், நல்ல பேர் வாங்கியது ஜாக்கெட். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"நான் ஸ்வெட்டர் மேல போட்டுத்தாண்டி பாத்தேன். அந்த மனுஷன் படிச்சுப் படிச்சு சொன்னாரு. நான்தான் கேக்கல," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"அழாதம்மா."

"கையத் தேச்சுக்க. நிக்காத, நடந்துகிட்டே இரு."

"நடக்கறேம்மா."

இங்கே மலர்க்கொடியின் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பெற்றவள் என்று பேர், ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட வக்கில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அது மறுபடி நிறைந்தது.

வைஷ்ணவி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள்.

"அம்மா, பஸ் வந்திருச்சு. வச்சிடறேன்."

மகளின் தோளுக்குப் பின்னால் சாலை முழுக்கத் திரையில் தெரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வண்டி இல்லை.

"சரிடா கண்ணு," என்றாள் மலர்க்கொடி. "பாத்து ஏறு. உள்ள சூடா இருக்கும்."