பத்தடி நைனா

மஞ்சுவுக்கு வந்த கோபத்தில் மவுஸைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பாள். அந்தப் பழியும் தன் தலையில்தான் விழும் என்று விட்டுவிட்டாள்.

செஞ்சியில் ஓர் அரிசி மில்லில் மெயில் பார்ப்பது அவள் வேலை. முதலாளி அரங்கநாதனுக்குப் போன வாரம் ஓர் ஆசை வந்தது. மில்லிலிருந்து போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் பெயர், போன் நம்பரோடு காலமான அவர் நைனாவின் படமும் இருக்க வேண்டும். அக்கா மகன் விமல்ராஜ், "நான் பாத்துக்கறேன் மாமா" என்று ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினான். நினைவு நாளுக்குப் பத்தடி பேனர் அடித்த அதே ஃபைலை வாங்கி வந்தான். பின்னால் ராஜகிரிக் கோட்டை, மேலே பெருமாள், நடுவில் மாலையும் மீசையுமாகப் பெரியவர். அதை அப்படியே மெயிலில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கினான். திரையில் தபால்தலை அளவுக்கு நின்றது. விமல்ராஜ் துரைக்கு அத்தோடு வேலை முடிந்தது.

இன்று காலை, அரிசி வாங்கும் சென்னை சூப்பர் மார்க்கெட்காரர்கள் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். மெயிலைத் திறந்தால் திரை கொள்ளாத மீசையாம். படத்தின் அகலத்துக்கு வரிகளும் நீண்டு ஓடி, விலைப்பட்டியலைப் படிக்கவே முடியவில்லையாம்.

"மெயில் அனுப்பறது நீதானம்மா? மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. 'என் தப்புதான்'னு உன் பேர்ல அவங்களுக்கு ஒரு லெட்டரும் எழுதி அனுப்பிடு" என்றார் அரங்கநாதன்.

"படத்த வச்சது விமல்ராஜ் சார், மொதலாளி."

"இங்க சின்னதாத்தான இருக்குது? இதுல இன்னா பெரிசு?" என்றான் விமல்ராஜ், சுழல் நாற்காலியில் ஆடிக்கொண்டே.

தொண்டூர் காலனியிலிருந்து கம்ப்யூட்டர் படித்து வேலைக்கு வந்த முதல் பெண் மஞ்சு. மூன்று வருஷத்தில் அவள் கையால் ஒரு மெயில் தப்பாகப் போனதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் சம்பாதித்தது. நாளைக்கு எங்கே வேலை கேட்டுப் போனாலும் இந்த மில்லில்தான் விசாரிப்பார்கள்.

ஃபைலைத் திறந்து பார்த்தாள். ஒன்பதாயிரம் பிக்சல் அகலம். இழுத்துச் சுருக்கியது இந்தக் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு மட்டும்தான். உள்ளே பத்தடி நைனா பத்தடியாகவே படுத்திருந்தார். சென்னையில் மெயில் திறந்ததும் எழுந்து நின்றுவிட்டார். மஞ்சு படத்தையே நூற்றைம்பது பிக்சலுக்குக் குறைத்துச் சேமித்தாள். பழையதை அடியோடு எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அனுப்பினாள். 'இப்போது சரியாக இருக்கிறது' என்று பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

முதலாளி அதைப் படித்துத் தலையாட்டினார். "சரி, இப்ப அந்த லெட்டர எழுதும்மா."

"தப்பு என்னுது இல்லியே, மொதலாளி."

"ஒரு லெட்டர்ல உனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? அவன் நம்ம புள்ள. நாளைக்கு மில்ல பாத்துக்கப் போறவன்."

நம்ம புள்ளயாம். மூன்று வருஷமாக அவன் தப்பையும் சேர்த்துத் திருத்தினவள் யார் பிள்ளை? மஞ்சு போய் உட்கார்ந்து எழுதினாள். ஒரு முறை படித்துப் பார்த்து அனுப்பினாள்.

"அனுப்பிட்டேன். உங்களுக்கும் ஒரு காப்பி வந்திருக்கும்."

அரங்கநாதன் போனைத் திறந்தார். 'பேனர் படத்தை மெயிலில் வைத்தவர் விமல்ராஜ். சரி செய்தவள் நான். மஞ்சு.' அடியில் நைனா அடக்கமாக இருந்தார். ஓர் எழுத்தைக்கூட மறைக்கவில்லை.

மஞ்சு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகச் சொல்வதென்றால் அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று எதிரில் வந்து நின்றாள்.