நான் நிறுத்திய ஜபம்

என் தம்பியை ஊரே குருஜி என்று கும்பிடும். எனக்கு அவன் அப்பு. அம்மா போன பிறகு ஒரு காலால் தையல் மிஷினை மிதித்துக்கொண்டு, மறு காலால் அவன் தொட்டிலை ஆட்டி வளர்த்தவள் நான்.

சந்நியாசம் வாங்கிய அன்றோடு அவனுக்கு வீடு, வாசல், அக்கா எல்லாம் முடிந்துபோனது. அதுதான் முறையாம். நல்ல முறை! ஒரு தடவை பார்க்கப் போனேன். வரிசையில் நிற்க வைத்தார்கள். என் முறை வந்ததும் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, "நல்லா இருங்கம்மா" என்றான். இருங்கம்மாவாம்! தொட்டிலை நனைத்த பயல் எனக்கு மரியாதை கொடுக்கிறான். பழத்தை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

சென்ற மழைக்காலத்தில் மைக்காரர் என் கடைக்கு வந்தார். அவனுடைய மூத்த சீடர். கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் நான் வைத்த பெயர் அது. அன்று அவருக்குக் குரலே எழும்பவில்லை.

"குருஜிக்கு நுரையீரல் கெட்டுப்போச்சும்மா. ஐ.சி.யூ.ல இருக்கார். ரத்த சொந்தத்தைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டேங்கறாங்க."

"அவருக்குத்தான் சொந்தமே கிடையாதே?" என்றேன். வாய் சும்மா இருக்குமா? ஆனால் கால் அதற்குள் செருப்பைத் தேடிவிட்டது. கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரி நடைகூடத்தில் சீடர்கள் வரிசையாக உட்கார்ந்து காப்பு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபத்து வந்தால் சொல்லச் சொல்லி அவனே கற்றுக்கொடுத்தது. ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் அறுந்தால் காவலும் அறுந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவனைச் சேர்த்த அன்றிலிருந்து அறுபடவில்லையாம்.

"இப்ப நீங்க அவர் காதுல சொல்லணும்மா" என்றார் மைக்காரர். "போனை ஆன் பண்ணி வெச்சுக்குங்க. உங்க குரல் கேட்டதும் நாங்க விட்டுடுவோம். திரும்ப வெளியே வர்ற வரைக்கும் உங்க பொறுப்பு."

"எனக்கு சமஸ்கிருதமெல்லாம் வாயில நுழையாதே."

"ரெண்டே வரிதான். என்ன ஆனாலும் நிறுத்திடாதீங்க."

பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பும் தவறுமாக ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

காவி இல்லாமல் அவனை அடையாளமே தெரியவில்லை. தோளில் தையல் பிரிந்த ஆஸ்பத்திரி கவுனுக்குள் குச்சியாகக் கிடந்தான். முகத்தில் மாஸ்க். பிரிந்த தையலைப் பார்த்ததும் என் கை பரபரத்தது. பிரிந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே மந்திரத்தைத் தொடங்கினேன். அழுகையை அடக்கி அடக்கிச் சொன்னதில் அது எப்போதோ தாலாட்டு ராகத்துக்கு மாறிவிட்டது.

அவன் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது. உச்சரிப்பைத் திருத்துகிறான் என்று நினைத்து, சொல்வதை விடாமலே மாஸ்க்கில் காதை வைத்தேன்.

"போதும்க்கா. தூங்க விடு."

என் காதுக்கே பாதிதான் எட்டியது. ஆனால் அக்கா என்றான். பாவி, அக்கா என்றுதான் சொன்னான்!

நிறுத்தினால் வெளியே அத்தனை பேரும் கட்டிய காவல் அறும். அவனும் போய்விடுவானோ? இன்னும் ஒரு தடவை சொன்னேன். அவன் என் டேப்பின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தான். சின்ன வயதில் முந்தானையை இழுப்பானே, அதே இழுப்பு. துறவியான பின் அவன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

நிறுத்தினேன். அவன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா நின்றேன். கொஞ்ச நேரத்தில் டேப்பை விட்டுவிட்டான். நர்ஸ் ஓடிவந்து என்னை விலக்கினாள்.

வெளியே வந்தபோது மைக்காரர் போனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தார். "ஏம்மா நிறுத்தினீங்க?"

"அவ்வளவு தூரம் சொன்னோமே!" என்று ஓர் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிக் காத்து வெச்சிருந்தோமே, இப்படிப் பண்ணிட்டீங்களே!"

மைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். "கடைசியா ஏதாவது சொன்னாரா? ஒரு வார்த்தை?"

சொல்லியிருந்தால் பழி தீர்ந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தை மைக்குக்குப் போகும். சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். அவனை முழுசாக அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் வாய் குழறிடுச்சு."

அவர்கள் யாரும் இப்போது என் கடைக்குத் துணி கொடுப்பதில்லை. குருஜியைக் கொன்ற வாய் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். மிஷினை மிதிக்கும்போது சில நாள் அந்த மந்திரம் தானாக வாயில் வரும். முதல் வரியிலேயே நிறுத்திவிடுவேன். தூங்க விடு என்றானே.