ஏழாம் பீப்பாய்

பெரிய துரை ஏழாம் பீப்பாயின் அடைப்பைத் தானே கழற்றினார். கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் வைன் எடுத்து ஒரு கிளாஸில் விட்டு, கவிழ்த்திருந்த பெட்டியின் மேல் வைத்தார்.

"தண்ணீர் கலந்திருக்கிறதா, இல்லையா? நீ சொல்" என்றார் என்னிடம், ஆங்கிலத்தில்.

அப்போது மேலே டெலிபோன் மணி அடித்தது. "வந்து கேட்கிறேன்" என்று படியேறினார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கம்பனியின் வைன் கிடங்கு அது. எட்டுப் பீப்பாய்கள். எல்லாம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவை, ஒவ்வொன்றும் வேறு வேறு தோட்டம். ஏழாம் பீப்பாயிலிருந்து நிரப்பிய போத்தல்களை ஒரு ஹோட்டல் திருப்பி அனுப்பியிருந்தது. கிடங்குச் சாவி பத்தொன்பது வருடமாக மர்ஸூக் நானாவிடம் இருக்கிறது. குடிக்காதவர் என்பதற்காகவே அவருக்குக் கொடுத்த வேலை. தண்ணீர் என்று நான் சொன்னால், திருடிக் குடித்துவிட்டு ஊற்றி மறைத்தார் என்றுதான் ஆகும். இன்றைக்கே அவர் வெளியே. பொலிசும் வரலாம்.

துரை நம்பியது என் நாக்கை. முப்பத்தெட்டாம் ஆண்டு கம்பனி என்னை பிரான்சில் போர்தோப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அனுப்பியது. முதலில் நிறம், பிறகு வாசம், பிறகு வாய், பிறகு துப்புவது. திரும்பி வந்து நான் மரத்தூள் வாளியில் துப்புவதைப் பார்த்து மர்ஸூக் நானா சிரிப்பார். "கப்பலேறிப் போய்ப் படிச்சது துப்புறதுக்கா தம்பி?"

அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் கறுத்த வைன் ஒன்றில் எனக்கு ஈர மண்ணும் கறுவாப்பட்டையும் தெரிந்தன. சொன்னேன். தோட்டக்காரர் முதுகில் தட்டினார். அன்று பின்னேரம் தந்தி வந்தது. என் மனைவி நாகேஸ்வரிக்கு நெருப்புக்காய்ச்சல். இரண்டாவது தந்தி மறுநாள் வந்தது. நான் வெள்ளவத்தை வீட்டுப் படியேறியபோது முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்திருந்தது. அக்கா சோறு போட்டாள். சாப்பிட்டேன். பிறகு அவள் தன் சோற்றில் ஒரு வாய் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். "சொதிக்கு உப்புப் போடேல்லையெடா. சொல்ல மாட்டியோ?"

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மர்ஸூக் நானா படிப்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"தம்பி, ஊத்தினது நான்தான்."



"கோல உட்டுப் பாக்கிற நேரமெல்லாம் மட்டம் கொறஞ்சிருக்கும். ஒழுகவும் இல்ல. இது வெயில் சுவரோரம் நிக்கிற பீப்பா, இதுதான் கூடக் கொறயிது. நான் குடிச்சேன்டு செல்லுவாங்களேன்டு பயந்துட்டேன். நல்ல தண்ணி தம்பி, குழாத் தண்ணி. மாசத்துக்கு ரெண்டு போத்தல். அல்லா அறிய, ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல."

தோட்டத்தில் திங்கட்கிழமைதோறும் பீப்பாய்களை நிரப்புவார்கள். மரம் கொஞ்சம் குடிக்கும், காற்றுக் கொஞ்சம் குடிக்கும், குறைந்ததை அதே வைனால் நிரப்ப வேண்டும். மர்ஸூக் நானாவுக்குச் சொல்ல என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். புத்தகம் பயணப் பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை.

"நானா, எனக்கு ருசி தெரியாது."

"என்ன?"

"எட்டு மாசமா. வாசமும் இல்லை."

"அப்ப இவ்வளவு நாளும் செல்லிட்டிருந்தது?"

"போத்தல்ல ஒட்டின பேரைப் பாத்துச் சொன்னனான்."

பெட்டி மேலிருந்த கிளாஸைப் பார்த்தார். "குடிக்காதவன் கையில சாவி. ருசி தெரியாதவன் கையில கிளாஸ். நல்ல கம்பனி."

சப்பாத்துச் சத்தம் படியில் இறங்கியது. நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் போய் நின்றார்.

"சொல்" என்றார் துரை.

கிளாஸை எடுத்து வாயில் விட்டேன். சுழற்றினேன். துப்பினேன். ஒன்றுமில்லை.

"தண்ணீர் இருக்கிறது. ஆனால் திருட்டில்லை. பீப்பாய் தானாகக் குறையும். அதே வைனால் நிரப்ப வேண்டும் என்று இவருக்குச் சொல்லித்தர வேண்டியது நான். சொல்லித்தரவில்லை. பிழை என்னுடையது."

துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இவ்வளவும் உன் நாக்கா சொன்னது? இவனா?"

"நாக்கு" என்றேன்.

"அப்படியானால் அந்த நாக்கைப் பார்ப்போம். சுவர்ப்பக்கம் திரும்பு."

திரும்பினேன். சுண்ணாம்பு உரிந்த இடத்தில் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. எங்கோ அடைப்புக் கழன்றது. மீண்டும் அடைபட்டது. எந்தப் பக்கம் என்று காது சொல்லவில்லை. துரையின் அடிகள் கிட்ட வந்தன.

"இது எந்தப் பீப்பாய்? சரியாகச் சொன்னால் இவன் இருக்கலாம். பிழையாகச் சொன்னால் இரண்டு பேரும் போகலாம்."

திரும்பி, கிளாஸை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு. எட்டும் சிவப்பு. மூக்கருகே பிடித்தேன். வாயில் விட்டேன். நாக்கின் மேல் சும்மா கிடந்தது, யாரோ கொடுத்துவைத்த சாமானைப்போல. துரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மர்ஸூக் நானாவுக்கு ஆங்கிலம் முழுதும் விளங்கியிராது. கிளாஸ் விளங்கியிருக்கும். துரையின் முதுகுக்குப் பின்னால் அவர் இரண்டடி நகர்ந்தார். தலை குனிந்திருந்தது. ஒரு பீப்பாயின் மேல், காய்ச்சல் பார்ப்பதுபோல, உள்ளங்கையை மெதுவாக வைத்தார். எடுக்கவில்லை.